சாக்குப் போர்த்திய சிலை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், டவுன் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் தையல்நாயகி டெலிபோன் பூத் வைத்திருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு புளியமரம்தான் இடைவெளி. காலையில் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்குவாள். 2009-ஆம் வருஷம் அது. எல்லோர் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்டதால் பூத்துக்கு யாரும் பேச வருவதில்லை. ரீசார்ஜ் பண்ண மட்டும் வந்தார்கள். மீதி நேரத்துக்கு அவளிடம் பேப்பர் இருந்தது. நீத்தார் அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பாள்.

அப்படித்தான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. விழுப்புரத்தில் ஒரு பழைய கட்டிடத்தைப் பழுது பார்த்து அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், சுற்று வட்டாரத்தில் வயல்களிலும் கிணறுகளிலும் கிடைத்த சிலைகளை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. திண்டிவனம் பக்கம் கிடைத்த மூத்ததேவி சிற்பமும் உண்டு என்று கடைசி வரியில் இருந்தது.

தையல்நாயகி பேப்பரை மடித்து வைத்தாள். மறுபடியும் விரித்து அந்தக் கடைசி வரியைப் படித்தாள்.

அவர்கள் நிலத்துக் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தியபோது ஒரு கற்சிலை வந்தது. அப்போது அவள் பத்தாவது முடித்த பெண். லீவுக்கு வானூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் தாலுக்கா ஆபீஸ் ஜீப் வந்து சிலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "மூதேவி வந்துச்சு, போயிடுச்சு, அத பத்திப் பேசாத" என்று அம்மா வெள்ளையம்மாள் அதோடு முடித்துவிட்டாள்.

பேசாமல் இருந்தது மூன்று வருஷம். மூன்றாவது வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிந்து, கொடியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தையல்நாயகி பாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நிச்சயம் ஆகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. வாய்க்கால் திருப்பத்தில் வண்டி சரிந்தது. வானம் ஒருமுறை சுழன்றது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் புதுச்சேரி ஆஸ்பத்திரியின் மின்விசிறிதான் ஞாபகம். இடுப்புக்குக் கீழே கால்கள் அவளுடையதாக இல்லாமல் போயின. மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள், மறுமுறை வரவில்லை.

அதற்கப்புறம் ஊர் பேசியது. மூதேவியைத் தோண்டி வெளியே எடுத்தார்கள், அதனால்தான் என்றது ஊரில் பாதி. வந்த தெய்வத்தை வைத்துக் கும்பிடாமல் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள், அதனால்தான் என்றது மீதிப் பாதி. எடுத்தது தப்பா, அனுப்பியது தப்பா என்று தையல்நாயகிக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேச்சிலும் குற்றவாளி ஒருத்திதான். அந்த ஒருத்தியை அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணி, என்னை ஒருநாளு விழுப்புரம் இட்டுகினு போறீங்களா?" என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

அண்ணன் சுப்பராயலுவின் மனைவி துர்கா. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சிலை போயாகிவிட்டது, அவளும் பார்த்ததில்லை. சமாச்சாரத்தைக் கேட்டதும் துர்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பாத்து இன்னா பண்ணப் போற?"

"தெரியலை."

"திட்டப் போறியா, கும்புடப் போறியா?"

"அதான் தெரியலைங்கிறேனே."

சுப்பராயலு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டான். வெள்ளையம்மாள் மூலையில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தோடு உடைகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் போனார்கள். திண்டிவனத்தில் ஏற்றிவிட சுப்பராயலு வந்தான். "ஜல்தியா வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். விழுப்புரம் ஜங்ஷனில் முன்பின் தெரியாத நாலு பேர் இறக்கிவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர் மடக்கிய நாற்காலியைப் பார்த்து முதலில் தலையாட்டினார், பிறகு அவரே தூக்கிப் பின்னால் கட்டினார்.

அருங்காட்சியகம் உயரமான அடித்தளம் போட்ட கட்டிடம். வாசலில் அகலமான கல் படிகள். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. படிக்கு மேலே, காக்கி பேண்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஊழியர் ஒருவர் நின்றிருந்தார். சட்டைப்பை அட்டையில் சீனுவாசன் என்று இருந்தது.

"பின்னாடி சரிவு இருக்குதுங்க, இவங்களுக்காவவே கட்டினது" என்றார் அவர் பெருமையாக.

துர்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றினாள். சரிவு இருந்தது. நல்ல சரிவுதான், கைப்பிடிக்குப் புதுசாகப் பெயிண்ட்கூட அடித்திருந்தார்கள். அது போய் முட்டுகிற கதவு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் சிலந்தி வலை. மறுபடி சுற்றி முன்னால் வந்தார்கள்.

"சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்குதுங்க. அவரு வானூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிக்கிறாரு."

"அப்போ இவ எப்டிங்க உள்ள வர்றது?"

சீனுவாசன் சற்று யோசித்தார். எதிர்க் கடை டீ மாஸ்டரைக் கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "அந்தச் சேரு கீழயே இருக்கட்டும்ங்க. புது டைல்ஸு, சக்கரம் கோடு போட்டுடும்னு ஆபீசர் சொல்லியிருக்காரு. யாரு எடுத்துகினு போப்போறாங்க?"

தையல்நாயகிக்குத் தன்னைத் தூக்குவது பிடிக்காது. தூக்குகிறவர்களின் வேர்வை வாசனை, "பாத்து பாத்து" என்கிற கூச்சல், வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பது எதுவும் பிடிக்காது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். வானம் ஒருமுறை சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது நீளமான ஹாலுக்குள் இருந்தாள். உயரமான கூரை, வரிசையாகச் சிலைகள். "மூத்ததேவி எங்கங்க?" என்று துர்கா கேட்க, சீனுவாசன் நாற்காலியை வலப்பக்கச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிரே இரண்டு பேர் இருந்தார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலை. இரண்டும் பீடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்த பெண் உருவம். பெருத்த வயிறு, அகன்ற தோள், பக்கத்துக்கு ஒரு பிள்ளை, தலைக்குப் பக்கத்தில் ஒரு கொடி. ஒருத்திக்கு முகம் தெளிவாக இருந்தது. உதட்டோரம் சிரிப்பு வரப்போகிற மாதிரி இருந்தது. மற்றவளுக்கு மழையோ மண்ணோ தின்று முகமே மழுங்கிப் போயிருந்தது. இருவருக்குமே இடது கை உடைந்திருந்தது. இருவர் காலடியிலும் இருந்த அட்டையில் ஒரே எழுத்து: மூத்ததேவி, கருங்கல்.

"இன்னா தையலு இது, ரெண்டு பேரு இருக்காங்க?" துர்கா கிசுகிசுத்தாள். அவள் தோள்பைக்குள் கையை விட்டபடியே நின்றாள். சூடமும் தீப்பெட்டியும் எடுத்து வந்திருக்கிறாள் என்று தையல்நாயகிக்கு அப்போதுதான் தெரிந்தது. "எவளுக்கு ஏத்துறது?"

"இங்கெல்லாம் ஏத்தக் கூடாது அண்ணி. உள்ள வைய்யுங்க."

பார்த்த உடனே தெரிந்துவிடும் என்று நம்பி வந்திருந்தாள் தையல்நாயகி. பார்த்ததும் உடம்பு சிலிர்க்கும், இல்லாவிட்டால் பற்றிக்கொண்டு வரும், ஏதோ ஒன்று நடக்கும் என்று. இப்போது முதல் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது முகத்தைப் பார்த்தாள். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டது.

"அண்ணனுக்குப் போன் போடுங்க."

துர்கா போன் போட்டாள். சுப்பராயலு வயலில் இருந்தான். மோட்டார் சத்தம் கேட்டது. தையல்நாயகி வாங்கிப் பேசினாள்.

"அண்ணே, நம்ம செலைக்கு மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"மூஞ்சியா?"

"சிரிச்ச மாதிரி இருந்துச்சா, மழுங்கிப் போயிருந்துச்சா? இங்க ரெண்டு இருக்குதுண்ணே. எது நம்முளுதுன்னு தெரியலை."

அவன் மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"கை ஒடஞ்சிருந்துச்சு."

"ரெண்டுக்கும்தான் ஒடஞ்சிருக்குது. மூஞ்சி சொல்லு."

"நான் பாக்கல, தையலு."

"நீதான கெணத்துலேர்ந்து தூக்கின?"

"ஆளுங்க கயிறு கட்டித் தூக்கினாங்க. சேறும் சகதியுமா வந்துச்சு. ஒக்காந்தாப்புல ஏதோ தெரிஞ்சுது. அம்மா எட்ட இருந்து பாத்துட்டு, அய்யோ மூதேவிடா, மூஞ்சில முழிக்காதடான்னு கத்துச்சு. ஒடனே சாக்கப் போட்டு மூடிட்டேன். ஜீப்பு வர்ற வரைக்கும் சாக்கோடதான் இருந்துச்சு. கை ஒடஞ்சிருந்துச்சுன்னுகூட யாரோ சொன்னதுதான்."

"அப்போ யாருதான் பாத்தது?"

"தெரியலம்மா" என்றான் சுப்பராயலு. அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக ஊர் முழுக்கக் குற்றம் சொன்ன ஒருத்தியை, ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. சிரிப்பதா, அழுவதா என்று யோசிப்பதற்குள் ஜன்னலோரம் போன துர்கா அலறினாள்.

"தையலு, கீழ நம்ம வண்டியக் காணோம்!"

எட்டிப் பார்க்க அவளால் முடியாது. "நல்லாப் பாருங்க அண்ணி."

"பாத்துட்டேன். வேப்ப மரத்தாண்ட விட்டோம்ல? மரம்தான் இருக்குது. நீ இங்கயே இரு!" என்று சொல்லிவிட்டுத் துர்கா படியில் தடதடவென்று இறங்கிப் போனாள். சீனுவாசனும் பின்னாலேயே ஓடினார். இங்கேயே இரு என்று சொன்னதற்குத் தையல்நாயகி மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டாள். வேறு எங்கே போவது?

ஹாலில் தனியாக இருந்தாள். நாற்காலி போனால் என்ன செய்வது? அது அவள் அளவுக்கே செய்தது, இரண்டு வருஷம் அலைந்து வாங்கியது.

அப்போது கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். சிலை சிலையாகப் பார்த்துக்கொண்டே வந்து அவளருகில் நின்றார்கள்.

"மேடம், இது யாரு?"

தன்னைத்தான் கேட்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. "மூத்ததேவி" என்றாள். "லட்சுமிக்கு அக்கா."

"மூதேவியா? ஐயோ! சாமியாவா கும்பிட்டாங்க?"

"கும்பிட்டிருக்காங்க. இல்லன்னா இவ்ளோ பொறுமையா செதுக்குவாங்களா?" என்று சொன்ன பிறகுதான் அதை அவளே முதன்முதலாக யோசித்தாள்.

"அந்தக் கொடில இருக்கிறது என்ன மேடம்?"

உற்றுப் பார்த்தாள். "காக்கா."

அவர்கள் தலையாட்டினார்கள். பின்னாலேயே ஒரு தம்பதி வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். எங்கே என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "வாசல்ல சீனுவாசன்னு ஒருத்தர் இருப்பாரு, அவரக் கேளுங்க" என்றாள், ஆபீஸ் நடத்துகிறவள் மாதிரி. அவர்களும் "சரிங்கம்மா" என்று மரியாதையாகப் போனார்கள்.

அவளுக்கு மெல்ல விளங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி, நன்றாக மடித்துக் கட்டிய காட்டன் புடவை, சுவரோரம் தனியாக உட்கார்ந்திருக்கிற பொம்பளை. இவர்கள் அவளை இங்கே வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டார்கள். ஐயோ பாவம் என்று யார் கண்ணும் அவள் காலுக்கு இறங்கவில்லை. கேள்வி நேராக அவள் முகத்துக்கு வந்தது. புது ஆள் ஒருவர் அவளிடம் வழி கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

அது இனித்தது. இனித்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கம் எதற்கு, நான் என்ன பொய்யா சொன்னேன் என்று உடனே எரிச்சலும் வந்தது. நாற்காலி தொலைந்துபோன நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று பயம் வேறு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குழம்ப, அவள் அந்தச் சிரிக்கப்போகும் முகத்தைப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் எழுந்து தள்ளி நிக்கிறீங்களா? ரெண்டு சிலையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்" என்றாள் மூவரில் உயரமானவள்.

சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ முகம் பார்த்தாயிற்று.

"நான் இங்கதாம்மா உக்காரணும்" என்றாள்.

"ஓ, டியூட்டியா? பரவால்ல மேடம்" என்று அந்தப் பெண் பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொண்டாள்.

வாசலில் சத்தம் கேட்டது. துர்காதான். சக்கர நாற்காலியை ஒரு பக்கம் அவள் பிடித்திருந்தாள், இன்னொரு பக்கம் நெஞ்சில் பேட்ஜ் குத்திய ஒருவர் பிடித்திருந்தார். இருவரும் அதைப் படியேற்றி உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

"பக்கத்து மண்டபத்துல கண்ணு கேம்பாம்!" துர்காவுக்கு மூச்சு வாங்கியது. "கேம்பு வண்டின்னு நெனச்சு இவுங்க தள்ளிகினு போயிட்டாங்க. போயிப் பாத்தா ஒரு பெரியவரு கண்ணுல பச்சத்துணிய கட்டிகினு நம்ம வண்டில ஜம்முனு உக்காந்துகினு இருக்காரு. எழுந்திருங்கன்னா, எனக்குத்தான் குடுத்தாங்கன்றாரு. பெரிய பேஜாராப் போச்சு!"

பேட்ஜ்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சீனுவாசன் டைல்ஸைப் பார்த்தார், துர்காவின் முகத்தைப் பார்த்தார், விலகி நின்றார். துர்கா குனிந்து தையல்நாயகியை அணைத்துத் தூக்கி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மிதியில் வைத்தாள்.

மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். உயரமான பெண்ணின் முகம், தையல்நாயகி எதிர்பார்த்தபடியே மாறியது. அவள் துர்காவின் பக்கம் சாய்ந்து, "ஆன்ட்டி, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவளையே கேளேன். வாய் நல்லாத்தான இருக்குது" என்றாள் துர்கா.

அந்தப் பெண் சிவந்துபோனாள். "சாரிக்கா, எழுந்துக்கச் சொல்லிட்டேன், தெரியாம." சற்று முன் மேடமாக இருந்தவள் இப்போது அக்காவாகிவிட்டாள். அது கூடியதா குறைந்ததா என்று தையல்நாயகிக்குப் புரியவில்லை. "பரவால்லம்மா" என்றாள். சக்கரத்தின் வளையத்தில் கை பட்டதும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது மட்டும் நிஜம். இதுவும் பிடிக்கிறது, சற்று முன் இருந்ததும் பிடித்தது. இரண்டில் எது நான்?

"சீனுவாசன் சார்" என்றாள். "இதுல எது எங்க ஊருதுன்னு யாருக்காவது தெரியுமா?" ஊர்ப் பெயரைச் சொன்னாள். கிணறு தூர் வாரியதில் வந்தது என்றும் சொன்னாள்.

"ஆபீசருக்குத்தாங்க தெரியும். தோ, வந்துட்டாரு."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்த ஆபீசருக்கு நாற்பது வயசு இருக்கும். அரங்கநாதன் என்று பெயர். டைல்ஸ் மேல் நின்ற சக்கர நாற்காலியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியவர், பின்கதவுச் சாவி கல்யாணத்துக்குப் போயிருப்பதைச் சீனுவாசன் சொன்னதும் தாழ்த்திக்கொண்டார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் தலையாட்டினார்.

"அந்தக் கிணத்துச் சிலையா? அது இது ரெண்டும் இல்லைம்மா. இது ரெண்டும் வேற ஊருங்க. உங்களுது அதோ, அந்தக் கடைசில."

"இல்ல சார், எங்களுது மூத்ததேவி."

"வந்து பாருங்க."

அவர் நடந்தார். தையல்நாயகி யாரையும் தள்ளவிடாமல் தானே உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். ஹாலின் அந்தக் கோடியில், உள்ளே வந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்காத இடத்தில், ஒரு சிலை இருந்தது.

அது ஆண். சம்மணம் போட்டு, உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அடுக்காக மூன்று குடை. உடம்பில் நகையில்லை, துணியில்லை, கையில் ஆயுதமில்லை. இரண்டு கையும் முழுசாக இருந்தன. கண் பாதி மூடியிருந்தது.

"தீர்த்தங்கரர்" என்றார் அரங்கநாதன். "உங்க பக்கம் நயினாருங்க, சமணருங்க இருக்காங்கல்ல, அவங்க கும்பிடறவர். சேத்தோட வந்ததால யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க. கழுவினதும் தெரிஞ்சிடுச்சு."

துர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "சாமியாராட்டம் இருக்காரே!"

தையல்நாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூத்ததேவிக்கென்று அவளிடம் சொற்கள் இருந்தன. படுக்கையில் புரட்டிப் போடக் காத்திருந்த நாட்களில், பூத்தில் ஆளில்லாத மத்தியானங்களில், சேர்த்துச் சேர்த்து வைத்த சொற்கள். ஏன் என்னை, என்று தொடங்கும் அவை. இவரிடம் அதில் ஒன்றுகூடச் செல்லாது. முதல் தடவையாகப் பார்க்கிற ஓர் ஆளை எடுத்த எடுப்பில் எப்படித் திட்டுவது?

"சார், இவரு யாருக்காவது கெடுதல் பண்ணுவாரா?"

அரங்கநாதன் அவளை விநோதமாகப் பார்த்தார். "எறும்பை மிதிக்கிறதுகூடப் பாவம்னு சொன்னவங்கம்மா இவங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துர்கா பதறிப்போய் முந்தானையால் துடைத்துவிட்டாள். "இன்னாடி, இன்னா ஆச்சு? சிரிக்கிறியா அழுவுறியா?"

"தெரியலை அண்ணி."

வண்டி ஏன் சரிந்தது? வாய்க்கால் கரை ஈரமாக இருந்தது, அதனால். பாரம் அதிகம், அதனால். அவள் உச்சியில் உட்கார்ந்திருந்தாள், அதனால். இது மொத்தமும் அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓரிடம் இருந்தது. இப்போது அந்த இடம் காலியாகிவிட்டது. கோபம் மட்டும் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது?

திரும்பும்போது மூத்ததேவிகளின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். வேற்றூர்ப் பெண்கள் இரண்டு பேர். உங்களை இல்லை, என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சக்கரம் வந்த வழியில் டைல்ஸில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்திருந்தது. சீனுவாசன் அதைத் துடைப்பதற்குத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. சுப்பராயலு ஸ்டேஷனுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் கூட்டி வந்தான். வெள்ளையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மகளின் எதிரில் நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எப்டி இருந்தா?"

"அவ இல்லம்மா. ஆம்பள சாமி. நயினாருங்க கும்புடுற சாமி. சாக்குக்குள்ள இருந்தது அவருதான்."

வெள்ளையம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். துர்கா ஆமாம் என்று தலையாட்டினாள். கிழவி மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அப்போ நான் இத்தினி வருசமா யார கெஞ்சிகினு இருந்தேன்?"

யாருக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். சனிக்கிழமை தவறாமல், விடிவதற்கு முன்னால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் எள்ளுச் சோறு வைத்துவிட்டு வருவாளாம். மூதேவிக்குக் காக்காதானே கொடி? காக்கா வந்து தின்றால் அவள் தின்ற மாதிரி. தாயே, பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் உன்னை மூடி வைத்தது நான்தான், என் பெண்ணை விட்டுவிடு என்று கும்பிடுவாளாம். இன்றைக்குக்கூட அவர்கள் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வந்தாளாம்.

அம்மா சிலையைப் பற்றிப் பேசாதது தன் மேல் உள்ள வெறுப்பால் என்றுதான் தையல்நாயகி ஒருகாலத்தில் நினைத்திருந்தாள். பிறகு அலுப்பு என்று நினைத்தாள். இப்படி ஒன்று கொட்டகைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"சாக்கப் போட்டது நான்தானம்மா" என்றான் சுப்பராயலு.

"போடச் சொன்னது நான்தானடா" என்றாள் வெள்ளையம்மாள். துர்கா எழுந்து போய் எல்லோருக்கும் கேப்பைக் கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள்.

அடுத்த சனிக்கிழமை விடியும் நேரத்தில் யாரோ தோளைத் தொட, தையல்நாயகி கண் விழித்தாள். அம்மா கையில் ஒரு வாழையிலைத் துண்டோடு நின்றிருந்தாள். அதில் எள்ளுச் சோறு.

"தையலு, இத வெக்கட்டுமா, வேணாமா?"

தையல்நாயகி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது. வை என்று சொல்லவும் இருந்தது. "என்னையும் இட்டுகினு போ" என்றாள்.

அம்மா அவளை நாற்காலியில் ஏற்றிக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். சாணி வழுக்கிய இடத்தில் சக்கரம் சிக்க, இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். வரப்போரத்தில் ஒரு தட்டைக் கல் இருந்தது. வெள்ளையம்மாள் அதன் முன்னால் இலையோடு நின்றாள்.

"எதுனா சொல்லித்தான வெக்கணும். இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாம வைய்யிம்மா."

வெள்ளையம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. உதடு பழக்கத்தில் ஒருமுறை அசைந்தது, பாதியில் நின்றது. பிறகு குனிந்து சோற்றைக் கல்லின் மேல் வைத்தாள்.